ஊரவரைக் கேட்டு ஊரமைக்க விழைந்தவர்: பற்றிக் கெடிஸ்

1914ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மினிக்கோய்த் தீவை அண்டிய கடற்பரப்பிலே, எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் சிலவற்றை அடுத்தடுத்து மூழ்கடித்தது. அதற்கு முந்திய மாதத்திலேதான் அது சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்திருந்தது. அக்கப்பலின் பெயர் நம்மவர் பேச்சிலும் நிலைத்துவிட்டது. எதற்கும் துணிந்த குறும்புக்காரப் பிள்ளைகளை எம்டன் என்று என் பாட்டியார் அழைக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அன்று மூழ்கிய கப்பல்களுள் ஒன்றான கிளான் கிறான்ற், தன் வயிற்றினுள் எதனைச் சுமந்து சென்றது என்பதை நான் அறிந்துகொண்டது மிகப் பிந்தியே. உலகின் பல நகரங்களுடைய வரைபடங்கள், பழஞ்சித்திரங்கள், புகைப்படங்கள், மாதிரி உருவங்கள் ஆகியவை பெட்டி பெட்டியாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதர் பல்லாண்டு காலம் தேடித் தொகுத்த செல்வம் அது. முந்திய ஆண்டில் பெல்ஜியத்துக் கென்ற் நகரப் பொருட்காட்சியில் முதற் பரிசு பெற்ற அத்தொகுதி ஒரு நாளில் கடலுக்கு இரையாயிற்று.

அதன் உடைமையாளர் பற்றிக் கெடிஸ். சென்னைத் தேசாதிபதி பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, மகன் அலஸ்டேருடன் வேறொரு கப்பலில் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தார். வயது 60. செய்தி கேட்டு அவர் துவண்டுவிடவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர்கள் புதிதாக வரைபடங்களையும் படங்களையும் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தில் அப்பொருட்காட்சி திறந்துவைக்கப்பட்டது. இடைக்காலத்தில் அவர் கைகட்டி இருக்கவுமில்லை. காட்டுவதற்குப் படங்கள் இல்லாவிடினும் காண்பதற்கு ஊர்கள் இருந்தன. சென்னை மாகாணத்துப் பட்டினங்களின் ஒழுங்கைகளிலே அவர் நடக்கத் தொடங்கினார்.

நகரமைப்பு என்னும் துறை இன்று பல்கலைக்கழகங்களிலே பாடமாக உள்ளது. அதற்கெனச் சட்டங்களும் அதிகார சபைகளும் உண்டு. ஒரு நகரம் இருபது முப்பது ஆண்டுகளின் பின்னர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை வரைபடமாக்கி, அதற்கேற்பத் தெருவும் மனையும் வகுப்பது அதன் வேலை. அந்த வரைபடத்தை வரையும்போது, அந்த நகரில் வாழ்பவனை யார் கேட்பது? எப்போது கேட்பது? கோடு கீறி முடித்த பின்னர் அவனது ஆட்சேபத்தைக் கேட்பதா, கீறுமுன்னர் அவனது அறிவைக் கேட்பதா? இவ்வினாவை முதன்முதலில் உரத்து எழுப்பியவர்களுள் கெடிஸ் முதன்மையானவர். நம் மாணவர் பலர் அவர் பெயரை அறியார். கொழும்புக்கும் அவருக்கும் தொடர்புண்டு என்பதை அறிந்தோர் இன்னும் குறைவு. அவரது வாழ்வை ஈண்டு எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

அவர் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி ஸ்கொத்லாந்திலே பலற்றர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் படைவீரர். பிள்ளை சிறு குழந்தையாயிருக்கையிலேயே குடும்பம் பேர்த் நகருக்கு அண்மையில் ஒரு மலைச்சாரல் வீட்டிற் குடியேறியது. அங்கே தந்தையாரோடு தோட்டம் கொத்தியும், காடு மலை அலைந்தும், மேலிருந்து கீழே நகரையும் ஆற்றையும் ஒரே பார்வையில் நோக்கியும் சிறுவன் வளர்ந்தான். பிற்காலத்தில் அவர் எந்த நகருக்குச் சென்றாலும் முதலில் உயரமான ஓரிடத்தைத் தேடியதற்கு இம்மலைச்சாரலே வித்திட்டிருக்கலாம் என எண்ணுகிறேன். தந்தையார் விருப்பப்படி சில காலம் வங்கியொன்றிற் கணக்கெழுதினார், மனம் ஒன்றவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து ஒரு வாரத்தில் வெளியேறினார். பின்னர் இலண்டன் சென்று, தார்வினின் கொள்கைக்குப் பெரும் வாதியாய் விளங்கிய ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். அவர் எப்பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவரல்லர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அதனை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என்பது என் கருத்தன்று.

1879இல், ஆய்வின் பொருட்டு மெக்சிக்கோவுக்குச் சென்ற இடத்திலே அவரது கண்ணொளி மங்கியது. நுணுக்குக்காட்டியே உலகம் என்றிருந்த இளைஞர் கட்டிய கண்களுடன் வாரக்கணக்கில் இருட்டறையிற் கிடக்க நேர்ந்தது. அவ்விருளில், சாளரத்துச் சட்டங்களை விரலால் தடவித் தடவி, அச்சதுரங்களில் எண்ணங்களை ஒழுங்குபடுத்தப் பழகினார். கண் மீண்டது; நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருக்கும் வேலை மட்டும் மீளவில்லை. தாளைச் சதுரம் சதுரமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை எழுதிப் பிணைத்துச் சிந்திக்கும் பழக்கம் இறுதிவரை அவரிடம் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் லெ பிளேயின் சமூக ஆய்வு முறையிலிருந்து இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் எடுத்துக்கொண்டார். ஓர் உயிரியை அதன் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்று கற்றவருக்கு, ஒரு தெருவை அங்கு வாழ்வோரிடமிருந்து பிரித்துப் பார்ப்பது இயலாதாயிற்று.

எடின்பரோ நகரின் நிலையை அறியாமல் அவர் செய்ததன் அருமை விளங்காது. கோட்டையிலிருந்து கீழிறங்கும் குன்றின் முதுகெலும்பில் அமைந்தது பழைய நகர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடபுறத்தே நேரிய தெருக்களுடன் புதிய நகர் எழுந்தது. செல்வரும் கற்றோரும் அங்கே குடிபெயர்ந்தனர். பழைய நகரின் உயர்ந்த கல்வீடுகள் கூறு கூறாகத் துண்டிடப்பட்டு வறியவர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறையில் ஒரு குடும்பம், வெளிச்சமில்லாப் படிக்கட்டு, குப்பை தேங்கிய முற்றம். கொழும்பின் முடுக்குகளைக் கண்டவர்க்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

1886இல் கெடிஸ், இசை பயின்றவரான அன்னா மோர்ட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். அப்போது அவர் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் செய்முறை ஆசிரியர். புதிய நகரில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். தம்பதிகளோ சிறிது காலத்தில் பழைய நகரின் ஜேம்ஸ் கோட் என்னும் முற்றத்து மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் போயினர். ஒரு காலத்தில் மெய்யியலாளர் ஹியூம் வாழ்ந்த முற்றம் அது, அந்நாளில் சேரி. கெடிஸ் அங்கே போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. தாமே சுண்ணாம்பு வாளியை எடுத்துத் தம் சுவரை வெள்ளையடித்தார். சாளரங்களிற் பூஞ்செடி வைத்தார். வேடிக்கை பார்த்த அயலவர் மெல்ல மெல்லக் கைகொடுக்க, முற்றம் துப்புரவாயிற்று. இடிந்த சிறு கட்டடங்கள் அகற்றப்பட்டு வெயில் உள்ளே வந்தது. அவ்வாறே அடுத்த முற்றம், அதற்கடுத்தது என வேலை பரவியது. மாணவர் தம்மைத் தாமே ஆளும் விடுதிகளையும் அவர் அங்கே தொடங்கினார். பழைய நகருக்குக் கற்றோர் மீண்டும் வந்து குடியேறவேண்டும், வறியோரை வெளியேற்றாமல் அவரோடு கலந்து வாழவேண்டும் என்பது அவரது விருப்பம்.

கட்டடம் வாங்கியும் திருத்தியும் அவர் பட்ட கடன் பெரிது. கணக்கு வழக்கில் அவருக்குச் சிறிதும் சமர்த்தில்லை. அன்னா அம்மையார்தாம் கணக்கையும் கடன்காரரையும் மூன்று பிள்ளைகளையும் சமாளித்தவர். பெரியோரின் வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய மனைவியர்க்கு ஒரு வரி மட்டுமே ஒதுக்கப்படுவது வழக்கம்; என்னிடமும் இடம் குறைவாகவே உள்ளது. 1888இல் டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆண்டில் ஒரு தவணை மட்டுமே அங்கு கற்பிக்கவேண்டியிருந்தமையால் எஞ்சிய காலம் முழுவதையும் நகரத்துக்கே செலவிட்டார். முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

1892இல் கோட்டைக்கு அண்மையில் ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை அவர் பெற்றார். அதன் உச்சியில், கண்ணாடிகளின் துணையால் வெளிக்காட்சியை மேசையொன்றில் விழச்செய்யும் இருட்டறைப் படக்கருவி ஏலவே இருந்தது. இதனை அவர் நோக்குக் கோபுரம் என்று பெயரிட்டு, நகர மக்களுக்கான பள்ளியாக்கினார். வந்தவரை முதலில் உச்சிக்கு ஏற்றுவார். தம் நகரம் உயிரோடு அசைந்தாடுவதை, தெருவில் வண்டி போவதை, தம் வீட்டுப் புகைபோக்கியை மேசையின்மீது அவர்கள் காண்பர். பின்னர் மாடி மாடியாக இறங்குவர். எடின்பரோவுக்கு ஒரு மாடி, ஸ்கொத்லாந்துக்கு ஒரு மாடி, அதன்கீழ் ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, நிலமட்டத்தில் உலகம். எடின்பரோ மாடியில் நகரின் வரலாறு, தொழில், சுகாதாரம், குடிநெருக்கம் ஆகியவற்றைக் காட்டும் படங்களும் தேசப்படங்களும் தொங்கின. இக்கோபுரத்தைச் சேர்ந்த குழுவினர் பழைய நகரிலிருந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக அளந்தனர். 70க்கு மேற்பட்ட இடங்கள் தேறின. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10 ஏக்கர். நெருக்கடி மிகுந்த சேரிக்குள் இத்தனை நிலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அவற்றுட் சில, கெடிசின் மகள் நோறாவின் முயற்சியாற் சிறுவர் தோட்டங்களாயின.

இங்கு என் தொழிலனுபவம் ஒன்றைச் சொல்ல இடந்தருக. புவியியல் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் தத்தம் ஒழுங்கையின் படத்தை வரைந்துவரும்படி கேட்டேன். அளவுத்திட்டம் பிழை, வடக்குத் திசை பலர்க்குத் தெற்கே இருந்தது. ஆயினும் எந்தக் கிணறு உவர், எந்த முடக்கில் மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், எந்த மதிலோரத்தால் பெண்பிள்ளைகள் மாலையில் தனியே போவதில்லை என்பனவெல்லாம் அப்படங்களில் இருந்தன. அச்சிட்ட எந்தத் தேசப்படத்திலும் அவற்றை நான் கண்டதில்லை. கெடிஸ் தேடியதும் இத்தகைய அறிவையே.

1903இல் இரும்புத் தொழிற் செல்வர் கார்னகி, தாம் பிறந்த டன்பேர்ம்லின் நகருக்கு ஐந்து லட்சம் பவுண் நன்கொடையளித்தார். பூங்கா ஒன்றுக்குத் திட்டம் வரையக் கெடிஸ் அழைக்கப்பட்டார். அவரோ நகர் முழுவதையும் சுற்றிப் படம் பிடித்து, ஆற்றையும் ஆலையையும் பழைய மடத்தையும் ஆராய்ந்து, பெருநூல் ஒன்றை 1904இல் அளித்தார். தர்மகர்த்தாக்கள் பூங்காவைக் கேட்டனர். பெற்றதோ ஒரு நகரத்தின் எதிர்காலம். அதனை அவர்கள் ஏற்கவில்லை.

1909இல் பிரித்தானியாவின் முதலாவது நகரமைப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் அவசர அவசரமாகத் திட்டம் வரைய முற்படுமென்று கெடிஸ் அஞ்சினார். திட்டத்துக்கு முன்னர் ஆய்வு நடைபெறவேண்டும்; அவ்வாய்வின் பயனை ஊரிலேயே பொருட்காட்சியாக வைக்கவேண்டும்; ஆசிரியர், தொழிலாளர், வணிகர், பெண்கள், மாணவர் யாவரும் வந்து பார்த்துக் குறைகளைச் சுட்டவும் தமக்குத் தெரிந்தவற்றைச் சேர்க்கவும் வாய்ப்பளிக்கவேண்டும்; அதன் பின்னரே பொறியியலாளர் கோடு கீறவேண்டும் என்று அவரும் நண்பர்களும் வாதிட்டனர். மருத்துவன் நோயை அறியுமுன் மருந்தெழுதலாகாது என்பது அவர் விரும்பிக் கையாண்ட உவமை. நகரங்களின் வளர்ச்சி பற்றி 1915இல் வெளிவந்த அவரது நூலின் உள்ளீடு இதுவே. கடலில் மூழ்கிய பொருட்காட்சியும் இந்நோக்கத்துக்காகவே ஊர் ஊராகச் சென்றது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். அக்காலத்து நகர சுகாதாரப் பொறியியலாளர்க்குத் தெரிந்த மருந்து ஒன்றே: நெருக்கமான குடியிருப்பை ஊடறுத்து அகன்ற நேர்த்தெருக்களை வெட்டுதல். வரைபடத்தில் அது அழகாயிருக்கும். வீடிழந்த குடும்பங்கள் அடுத்த தெருவில் இன்னும் நெருக்கமாய் ஒண்டிக்கொள்ளும் என்பதை வரைபடம் காட்டாது. தஞ்சாவூரில் இத்தகைய திட்டமொன்றை ஆராய்ந்த கெடிஸ், அதே பகுதியை வீடு வீடாக நடந்து பார்த்தார். இடிந்து பாழான மனைகள், பயனற்ற வெற்றிடங்கள், அடைபட்ட மூலைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். அவற்றைத் திறந்து இணைத்து, மிகப் பழுதடைந்த ஒருசில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைத்த இடத்தில் மரம் நட்டால், காற்றும் வழியும் கிடைக்கும். குடிகளும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பர். செலவும் பன்மடங்கு குறையும் என்று காட்டினார். இதனைப் பேணிக் காக்கும் சத்திர சிகிச்சை என்று அவர் வழங்கினார். உறுப்பை வெட்டியெறியாமற் கட்டியை மட்டும் அகற்றுவது அதன் கருத்து. குளங்களை நுளம்புக்கு அஞ்சித் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். மீனும் தாராவும் விட்டால் நுளம்பு குறையும், குளமும் எஞ்சும் என்றார். மதுரை, சிறீரங்கம் போன்ற கோயில் நகரங்களைக் கண்டு அவர் வியந்தார். தேரோடும் வீதிகள் கோயிலைச் சூழ்ந்தமைந்த ஒழுங்கை உயர்ந்த நகரமைப்புக் கலை என மதித்து, 1919இல் கட்டுரையும் வரைந்தார். ஐரோப்பியர் பலர் நம் பட்டினங்களில் அழுக்கையன்றி வேறெதனையும் காணாத காலம் அது.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. கெடிஸ் தேசாதிபதிகளின் விருந்தினர். சமஸ்தானத்து மன்னர்களின் ஆலோசகர். அவரது அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாயின. தஞ்சை ஒழுங்கையில் அவரோடு பேசிய குயவனோ நெசவாளியோ அவற்றைப் படித்திருக்க வழியில்லை. மக்களுக்காகப் பேசினார், மக்களே பேசும் மன்றம் அங்கே இருக்கவில்லை. அவரைப் புகழ்ந்தெழுதுவோர் இம்முரண்பாட்டைத் தொடாது போவது எனக்கு உடன்பாடன்று. இதனை அவருக்கே உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இந்தோரிலே நடந்தது.

இந்தோர் ஹோல்கார் மன்னரின் தலைநகர். நகரைத் திருத்தும் திட்டத்தை வகுக்கக் கெடிஸ் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். பிளேக் நோய் ஊரை வாட்டிய காலம். படச்சுருளைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாய் அலைந்தபோது, மக்கள் தம்மை அச்சத்தோடு நோக்குவதையும் சுட்டிக்காட்டி ஒதுங்குவதையும் அவர் கவனித்தார். காரணம் வினவியபோது உண்மை வெளிப்பட்டது. பிளேக்கைக் கொண்டுவரும் கிழட்டுத் துரை என்று ஊரவர் அவரைக் கருதினர். அவர்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பொன்றுமில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் அளவுக்கோலோடு தெருவுக்கு வந்தால் பின்னால் வீடிடிப்போர் வருவர் என்பதே அவர்கள் கண்ட அனுபவம்.

கெடிஸ் மன்னரிடம் சென்று, ஒரு நாளைக்கு ஊரின் அதிகாரத்தைத் தமக்கு அளிக்கும்படி கேட்டார். மன்னர் இசைந்தார். தீபாவளி வரவிருந்தது. அதனை ஒட்டிப் பெரும் ஊர்வலம் ஒன்று நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்வலம் எத்தெருக்களால் வரும்? இந்துக்களின் வழக்கமான வழியாலும் அன்று, முஸ்லிம்களின் வழக்கமான வழியாலும் அன்று. எந்தத் தெருக்களில் மிகுதியான வீடுகள் துப்புரவாக்கித் திருத்தப்பட்டிருக்கின்றனவோ அத்தெருக்களாலேயே வரும். இவ்வறிவித்தல் ஊரைத் தட்டியெழுப்பியது. தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, ஆண்டாண்டாய்ச் சேர்ந்த குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது, எலிகள் பிடிபட்டன.

அந்நாள் வந்தது. யானை, குதிரை, விளைபொருள் ஏற்றிய வண்டிகள் முன்னே சென்றன. பின்னே நோயும் அழுக்கும் பேருருவங்களாய் வந்தன; பென்னம்பெரிய நுளம்புகளும் பிளேக் எலியும் ஆடி அசைந்தன. அதன் பின்னர் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர் வந்தனர். வெள்ளுடை தரித்து, புதிய துடைப்பம் ஏந்தி, மாலை சூடி, புதுவர்ணம் பூசிய வண்டிகளோடு நடுவீதியில் நடந்தனர். தீண்டத்தகாதவர் எனத் தள்ளிவைக்கப்பட்டோர் அன்று ஊரின் மரியாதையைப் பெற்றனர். அவர்களுக்குப் பின்னால் நகரத்தைத் தெய்வமாக உருவகித்த திருவுருவமும், வரவிருக்கும் நகரின் திட்டமும், நூல்நிலையம், தோட்டம், புதிய வீடுகள் ஆகியவற்றின் மாதிரிகளும் எழுந்தருளின. மாலையில் அழுக்கின் பேருருவமும் எலியும் எரியூட்டப்பட்டன. வீட்டில் நடுவதற்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. நோய்ப் பருவமும் முடிவுற்றமையால் பிளேக் தணிந்தது. கிழட்டுத் துரைக்குத் தெருவில் வரவேற்பும் கிடைத்தது. இந்தோர் பற்றிய அவரது அறிக்கை இரு பாகங்களாக 1918இல் வெளியாயிற்று. அவர் எழுதிய அறிக்கைகளுள் அதுவே தலையாயது என்பர். அவ்வறிக்கையினும் அந்த ஒரு நாளே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. வாசிக்கத் தெரியாதவனும் அன்று நகரத் திட்டத்தில் ஒரு வேலையைச் செய்தான்.

அவரது சொந்த வாழ்வில் 1917 கொடிய ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் அலஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். செய்தி வந்தபோது அன்னா அம்மையார் இந்தியாவிற் காய்ச்சலாற் படுத்த படுக்கையாயிருந்தார். கெடிஸ் அதனை அவரிடம் சொல்லவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் புதிதாய் வந்தவை போல் வாசித்துக் காட்டினார் என்பர். ஜூன் மாதத்தில் அம்மையாரும் மறைந்தார். அவ்வாண்டிலும் லாகூர், லக்னௌ, கபூர்த்தலா, பல்றாம்பூர் என அவரது அறிக்கைகள் ஓயவில்லை. துயரத்தை வேலைக்குள் புதைத்தவர் பலர்; வேலை அவரை எவ்வளவு காத்தது என்பதை யார் அளக்க முடியும்?

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதலாவது சமூகவியற் பேராசிரியரானார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் வெளியிட்டார். தாகூரின் நட்பும் வாய்த்தது. இளைய மகன் ஆர்தர் தாகூரின் சிறீநிகேதனத்திற் சில காலம் பணிபுரிந்தார். ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கும், 1925இல் தெல் அவீவ் நகருக்கும் திட்டங்கள் வரைந்தார். அவரது திட்டங்களுள் நிலத்தில் பெருமளவு எழுந்தது தெல் அவீவே.

கொழும்புக்கு அவர் அளித்த பூர்வாங்க அறிக்கை 1921இல் வெளியாயிற்று. கொழும்பைக் கீழைத்தேசத்தின் பூங்கா நகராகக் காணும் எண்ணம் அதனோடு பிணைந்தது. மரநிழல் படர்ந்த வீதிகளில் நடக்கும்போது அவரை நினைப்போர் உண்டு. பூங்கா நகரின் நிழல் யார் தலைக்கு மேல் விழுந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். கறுவாத்தோட்டத்தில் மரங்கள் வளர்ந்தன. துறைமுகத்தை அண்டிய முடுக்குகளில் ஆட்களே வளர்ந்தனர். அறிக்கையின் பெயரிலேயே பூர்வாங்கம் என்றிருந்தது. ஊரோடு கூடிய நீண்ட ஆய்வு அதனைத் தொடரவில்லை. நகரமைப்புக்கான கட்டளைச் சட்டம் 1946இல் வந்தது. 1940களின் இறுதியில் அபர்குரொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குப் புதிய திட்டம் வரைந்தார். அவையெல்லாம் மேலிருந்து வந்தவை.

கெடிஸ் வேண்டியதற்கு நெருங்கிய ஒன்று நம் நாட்டில் நடந்தது 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டத்தின்போதுதான். கொழும்பின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வதிவோரின் சபைகள் உத்தியோகத்தரோடு ஒன்றாயமர்ந்து, காணியைத் துண்டு பிரிப்பது எவ்வாறு, ஒழுங்கை எவ்வழி செல்வது, கான் எங்கே அமைவது, பொதுக்குழாய் எங்கே நிற்பது என்பவற்றைப் பேசித் தீர்த்தன. குறைகள் இருந்தன, சச்சரவுகளும் இருந்தன. பேசியவர் அங்கு வாழ்ந்தவர் என்பது பெரிது. 2010இன் பின்னர் அத்தகைய குடியிருப்புகள் பல அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் எவ்வளவு கேட்கப்பட்டனர் என்பது இன்றளவும் வழக்காடப்படும் பொருள்.

உடல் நலிவினால் 1924இல் கெடிஸ் பம்பாயை விட்டுத் தென் பிரான்சின் மொன்ற்பெலியே நகரிற் குடியேறினார். அங்கே ஸ்கொத்லாந்தருக்கான கல்லூரியொன்றைக் கட்டினார், இதிலும் கடன்தான். எடுத்ததை முடிக்குமுன் அடுத்ததைத் தொடுவது அவரது பழைய குணம். பேச்சும் அவ்வாறே. தாடிக்குள் முணுமுணுத்து, ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குத் தாவிச் செல்வார். பின்தொடர முடிந்தவர் சிலரே. பின்தொடர்ந்தவருள் அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்போர்ட் தலைசிறந்தவர். 1923இல் இருவரும் நேரிற் சந்தித்தபோது, மாண்ட மகனின் இடத்தில் அவரை வைக்க கெடிஸ் விழைந்தார். இளைஞர் கூசிப் பின்வாங்கினார். எனினும் ஆசானின் கருத்துக்கள் உலகெங்கும் பரவியது மம்போர்ட்டின் தெளிந்த நடையாலேயே. இந்திய அறிக்கைகள் தூசி படிந்து கிடக்க, அவற்றுள் சிறந்த பகுதிகளைத் தொகுத்து 1947இல் நூலாக்கியவர் ஜாக்குலின் டிர்விற் என்னும் பெண்மணி. மக்களைக் கேட்டுத் திட்டமிடுதல் பற்றிப் பேசும் பின்னாளையோர்க்கு அத்தொகுப்பு ஒரு கைந்நூலாயிற்று.

முன்னர் ஒருமுறை மறுத்த வீரப்பட்டத்தை 1932இல் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆந் திகதி மொன்ற்பெலியேயில் காலமானார். வயது 77.

எடின்பரோவின் நோக்குக் கோபுரம் இன்றும் நிற்கிறது. உல்லாசப் பயணிகள் கட்டணம் செலுத்தி ஏறுகின்றனர். உச்சியில் இருட்டறைப் படக்கருவி நகரத்தை மேசைமீது விரித்துக் காட்டுகிறது. வண்டிகள் ஊர்கின்றன, மனிதர் நடக்கின்றனர். கீழ்மாடிகளில் எடின்பரோவும் ஸ்கொத்லாந்தும் ஐரோப்பாவும் இப்போது இல்லை. பார்ப்போர் கண்ணை மயக்கும் ஆடிகளும் ஒளி விளையாட்டுக்களும் அவ்விடத்தை நிரப்பியுள்ளன. சிறுவர்கள் அவற்றின்முன் நெடுநேரம் நின்று சிரிக்கிறார்களாம்.